மருந்து விலை: போட்டி எங்கே நடக்கிறது?

ஒரே உப்பு (அதாவது ஒரே மூலமருந்து), ஒரே மில்லிகிராம், பத்து மாத்திரை கொண்ட இரண்டு பட்டைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் எம்ஆர்பி 40 ரூபாய். முதல் பட்டை, மெடிக்கல் ரெப் வைத்து டாக்டர்களிடம் அறிமுகப்படுத்தப்படும் பிராண்ட். கடைக்காரர் அதை 32 ரூபாய்க்கு வாங்குகிறார். இரண்டாவது, ரெப் யாரும் இல்லாமல் ஸ்டாக்கிஸ்ட் என்ற மொத்த வியாபாரி வழியாக நேரே கடைக்கு வரும் டிரேடு ஜெனரிக். அதன் கொள்முதல் 6 ரூபாய். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை, ஆனால் இந்த மாதிரி இடைவெளி மருந்து வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கடைக்காரர் இரண்டாவது பட்டையை 25% தள்ளுபடி போட்டு 30 ரூபாய்க்குக் கொடுத்தாலும் அவருக்கு 24 ரூபாய் நிற்கும். முதல் பட்டையில் 8 ரூபாய்தான்.

இப்போது மூன்றாவதாக ஒரு கம்பெனி உள்ளே வருகிறது. பாடப்புத்தகக் கணக்கில் அது விலையைக் குறைத்து ஆளைப் பிடிக்க வேண்டும். அது என்ன செய்யும்? கடைக்காரருக்கான விலையை 5 ஆகக் குறைத்து, எம்ஆர்பியை 45 ஆக அச்சடிக்கும். போட்டி நடந்துவிட்டது, கடுமையாகவே நடந்தது. நோயாளி தரும் விலை மட்டும் ஏறிவிட்டது.

மருந்துக் கொள்கை, போட்டிச் சட்டம் இரண்டையும் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. சந்தையில் எத்தனை கம்பெனிகள் என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பொருளைத் தருவது என்று முடிவு செய்பவர் யார், அவர் பையிலிருந்து பணம் போகிறதா என்பதே முதல் கேள்வி. சோப்பு வாங்கும்போது தேர்ந்தெடுப்பவர், காசு தருபவர், பயன்படுத்துபவர் மூவரும் ஒரே ஆள். மருந்தில் டாக்டர் எழுதுகிறார், அல்லது கடைக்காரர் எடுத்துத் தருகிறார். காசு நோயாளியுடையது அல்லது காப்பீட்டுடையது. உடம்பு நோயாளியுடையது. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையிலேயே இதன் வேர் இருக்கிறது: தரத்தை வாங்குபவரால் எடைபோட முடியாத இடத்தில் சாதாரணச் சந்தை விதிகள் நம்பகமாக வேலை செய்யாது.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி மொத்த மருத்துவச் செலவில் 39.4% மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. ‘காசு தருபவருக்கே விலை உறைக்கட்டும், அப்போது தேவையற்ற செலவு குறையும்’ என்று வாதிடுபவர்கள் அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை நடந்த ராண்ட் காப்பீட்டுப் பரிசோதனையை எடுத்துக் காட்டுவார்கள். அதில் கிடைத்த தேவை நெகிழ்ச்சி ஏறக்குறைய மைனஸ் 0.2. விலை 10% ஏறினால் பயன்பாடு 2% குறையும். அதே பரிசோதனையில் மக்கள் குறைத்துக்கொண்டது தேவையற்ற சிகிச்சையை மட்டும் அல்ல, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெகிழ்ச்சி 1-க்கு இவ்வளவு கீழே இருந்தால், விலையை ஏற்ற ஏற்ற விற்பவருக்கு வருமானம் கூடிக்கொண்டே போகும். நோயாளியின் பொறுத்துப்போகும் திறன் ஒன்றே அங்கே தடை. அதை ஒரு கொள்கைக் கருவியாக நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உச்சவரம்புக் கணக்கு

2013 மே மாதம் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்கு முன்பு, 1995 ஆணையின்படி 74 மூலமருந்துகளுக்கு உற்பத்திச் செலவை வைத்து விலை போட்டார்கள். அதில் தெரிந்த சிக்கல் ஒன்று உண்டு. செலவு எவ்வளவு என்பது கம்பெனிக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. ‘செலவைக் காட்டு, அதன்மேல் லாபம் தருகிறேன்’ என்று சொன்னால் செலவைக் கூட்டிக் காட்டுவதே லாபம். எனவே 2013-இல் சந்தை விலைச் சராசரிக்கு மாறினார்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு உப்பு, அளவு, வடிவத்துக்கும் 1% அல்லது அதற்கு மேல் சந்தைப் பங்குள்ள எல்லா பிராண்டுகளின் பிடிஆரையும், அதாவது கடைக்காரர் வாங்கும் விலையையும், கூட்டிச் சாதாரணச் சராசரி எடு. அதன்மேல் கடைக்காரருக்கு 16% சேர். அதுதான் உச்சவரம்பு. வரி தனி.

ஒரு பட்டைக்கு ஐந்து பிராண்டுகள், பிடிஆர் 68, 62, 20, 18, 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 36. உச்சவரம்பு 41.76. மேலே உள்ள இரண்டும் இறங்க வேண்டும். கீழே உள்ள மூன்றும் தங்கள் பழைய எம்ஆர்பியிலேயே நிற்க வேண்டும், வரம்புவரை ஏற்றிக்கொள்ள ஆணை அனுமதிப்பதில்லை.

இந்தக் கணக்கை கொஞ்சம் ஆட்டிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். 12 ரூபாய் பிராண்டின் பங்கு 0.9% ஆக இருந்தால் அது கணக்கிலேயே வராது. சராசரி 42 ஆகும், வரம்பு 48.72. ஒரு சின்னக் கம்பெனி சராசரியில் சேர்வதா இல்லையா என்பதில் பட்டைக்கு ஏழு ரூபாய் வித்தியாசம். சாதாரணச் சராசரிக்குப் பதில் பங்கை வைத்து எடையிட்டால்? நம் ஊர்ச் சந்தையில் விலை கூடிய பிராண்டுதான் பெரும்பாலும் அதிகம் விற்கும். மேலிருந்து கீழாகப் பங்கு 30, 40, 15, 10, 5 சதவீதம் என்றால் எடையிட்ட சராசரி 50.60, வரம்பு 58.70. ஆக, சாதாரணச் சராசரி என்ற தேர்வு நோயாளி பக்கம் சாய்ந்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் வரம்பு பிறக்கும் இடம் எது என்று பாருங்கள். 68, 62 என்ற விலைகளுக்குள் ரெப்களின் சம்பளமும் விளம்பரச் செலவும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. 12 ரூபாய்க்கு விற்கும் கம்பெனியும் நஷ்டத்துக்கு விற்கவில்லை. எனவே இந்த முறை அதிகம் ஏற்றியவரை நடுவுக்கு இழுக்கிறதே தவிர, அடிமட்டச் செலவை நெருங்குவதில்லை. இன்னொன்று, பில்லில் எழுதப்படும் பிடிஆர் முழு உண்மை அல்ல. ‘பத்து வாங்கினால் மூன்று ஃப்ரீ’ என்ற ஸ்கீமில் கடைக்காரரின் உண்மையான கொள்முதல் பிடிஆரில் 77%தான். இலவசச் சரக்கு சராசரியில் ஏறாது. வரம்பு அந்த அளவுக்கு உயர்ந்தே நிற்கும்.

16% என்பது சதவீதமாக இருப்பதும் சிக்கல். 12 ரூபாய்ப் பட்டையில் கடைக்காரருக்கு 1.92 கிடைக்கும். 36 ரூபாய்ப் பட்டையில் 5.76. அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். விலை குறைந்ததை எடுத்துத் தருபவருக்கு நாமே மூன்றில் ஒரு பங்குக் கூலி தருகிறோம். 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபத்தை 30% என்று கட்டியபோதும் இதே இடைவெளி இருந்தது. முதல் விற்பனை விலையின்மேல் 30% என்றால், முதல் விலையையே ஏற்றி வைக்கும் ஆசை கம்பெனிக்கும் உண்டு, இடையில் இருப்பவர்களுக்கும் உண்டு.

பிரிட்டனில் இதே கடைக்காரரின் ஆசையை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அங்கே என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் சீட்டுக்கு மருந்து தரும் கடைக்கு ஒவ்வொரு மருந்துக்கும் நிலையான கட்டணம் உண்டு. ஜெனரிக் மருந்துக்கு அரசு ஒரு பட்டியல் விலை தரும். கடைக்காரர் அதைவிட மலிவாக வாங்கினால் மிச்சம் அவருக்கு. எனவே அவர் ஸ்டாக்கிஸ்ட்டிடம் பேரம் பேசுகிறார். 2005-இல் வந்த ‘கேட்டகரி எம்’ முறையில் அந்த மிச்சத்தை அரசு சர்வே எடுத்து அளந்து, ஒப்புக்கொண்ட மொத்தத்தைத் தாண்டினால் அடுத்தடுத்த காலாண்டுகளில் பட்டியல் விலையைக் குறைக்கிறது. பல ஆண்டுகள் அந்த மொத்தம் 80 கோடி பவுண்டாக இருந்தது. கடைக்காரரின் பேரத்தால் இறங்கிய விலை சில மாதங்களில் அரசுக்கு வந்து சேர்கிறது. நம் முறையில் அவருடைய பேரம் அவரோடு நின்றுவிடுகிறது.

இந்தியாவில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10% வரை ஏற்றலாம் என்பது விதி. ஏழேகால் ஆண்டில் விலை இரட்டிப்பாக அது போதும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டிய ஏற்றத்துக்கு, சட்டமே எல்லோருக்கும் தெரியும்படி ஒரு எண்ணை நட்டு வைப்பது நல்லதல்ல. கூடிப் பேசாமலே எல்லோரும் அங்கே போய் நிற்கலாம். பட்டியலில் உள்ளவை மொத்தவிலைக் குறியீட்டோடு நகரும். 2023 ஏப்ரலில் 12.12% ஏற அனுமதி கிடைத்தது, 2024-இல் 0.00551% மட்டுமே. பட்டியலில் இருக்கும் மில்லிகிராமை விட்டு வேறு மில்லிகிராமுக்கோ, இரண்டு உப்பைக் கலந்த மாத்திரைக்கோ தாவிவிடுவது அடுத்த வழி. ஏற்கெனவே அந்த மருந்தைச் செய்யும் கம்பெனி அப்படித் தாவினால் அதைப் ‘புதிய மருந்து’ என்று கருதி விலை அனுமதி கேட்க வைக்கிறது ஆணை. அதற்கு முன் அந்த மருந்தைச் செய்யாத கம்பெனி நேராகக் கலவையோடு வந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

ஸ்டென்ட்

2017 பிப்ரவரி 13 அன்று மருந்து விலையை நிர்ணயிக்கும் மத்திய அரசு ஆணையமான என்பிபிஏ, இதய ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் ஸ்டென்ட்டுக்கு வரம்பு போட்டது. மருந்து பூசாத உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய், வரி நீங்கலாக. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி எம்ஆர்பி 1.21 லட்சத்தை ஒட்டி இருந்தது. கம்பெனியிலிருந்து நோயாளி வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஏறுகிறது என்ற விவரத்தை என்பிபிஏ அப்போது வெளியிட்டது. மருத்துவமனைப் படியில் சில இடங்களில் லாபம் 654% வரை போயிருந்தது.

மாத்திரைப் பட்டையில் பார்த்ததே இங்கே பெரிய அளவில் நடந்தது. ஒரு கம்பெனி மருத்துவமனைக்கு 30,000-க்குத் தந்து எம்ஆர்பி 1,20,000 போட்டால் மருத்துவமனைக்கு 90,000. இன்னொன்று அதே 30,000-க்குத் தந்து 1,50,000 அச்சடித்தால் 1,20,000. மேஜைமேல் படுத்திருக்கும் நோயாளி எந்த பிராண்ட் என்று பேரம் பேசப்போவதில்லை. எம்ஆர்பி என்பது அதிகபட்ச விலை என்று பெயர் வாங்கியிருந்தாலும், இந்தச் சந்தையில் அது மருத்துவமனைக்கு விற்பனையாளர் தரும் சலுகையின் அளவுகோலாகிவிட்டது. எனவே ஸ்டென்ட் வரம்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். போட்டி தலைகீழாக வேலை செய்யும் இடத்தில் வரம்பு போட்டியைக் கெடுப்பதில்லை. எம்ஆர்பியை உயர்த்திக் காட்டி மருத்துவமனையைக் கவரும் வழியை அடைக்கிறது, அவ்வளவே.

ஆனால் வரம்பு போட்டால் மூன்று இடங்களைக் கண்காணிக்க வேண்டும். முதலாவது சரக்கு. தலைமுறை வித்தியாசம் பார்க்காமல் மருந்து பூசிய எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்றதும், சில பன்னாட்டு நிறுவனங்கள் புதிய மாடல்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன. ஆணையின் மூன்றாம் பத்தியைப் பயன்படுத்தி ஆறு மாதத்துக்கு சப்ளையை நிறுத்தக் கூடாது, வாராவாரம் கணக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட வேண்டியிருந்தது. புதியது உண்மையிலேயே பழையதைவிட நல்லதா என்பதற்குச் சிகிச்சைச் சான்று கேட்டு, அதன்படி தனி வகுப்பு தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பதே சரியான வழி. கம்பெனி சொல்வதை வைத்து அல்ல. 2018 பிப்ரவரியில் வரம்பைத் திருத்தியபோதும் தனி வகுப்பு தரப்படவில்லை. உலோக ஸ்டென்ட் 7,660, மருந்து பூசியது 27,890 என்று விலை மட்டும் மாறியது.

இரண்டாவது, பில்லின் மற்ற வரிகள். ஸ்டென்ட்டில் போன லாபம் பலூனிலும் கைடு ஒயரிலும் கத்தீட்டரிலும் கேத் லேப் கட்டணத்திலும் திரும்பி வரலாம். அதனால்தான் ஸ்டென்ட்டின் விலையை பிராண்ட் பெயர், பேட்ச் எண் விவரத்தோடு பில்லில் தனி வரியாகக் காட்டச் சொன்னார்கள். பிறகு 2018-இல் பலூன், கத்தீட்டர், கைடு ஒயர் லாபங்களையும் என்பிபிஏ வெளியிட்டது. ஒரு வரம்பு வேலை செய்ததா என்று மதிப்பிட விரும்புபவர் ஸ்டென்ட் விலையைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. ஆஞ்சியோபிளாஸ்டி ஒன்றுக்கு நோயாளி மொத்தமாகக் கட்டிய பில்லை, வரம்புக்கு முன்னும் பின்னும், ஒரே மாதிரி நோயாளிகளை வைத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவது எண்ணிக்கை. ஒன்றில் லாபம் குறைந்தால் இரண்டு வைக்கும் ஆசை வரும். ஒரு நோயாளிக்குச் சராசரி எத்தனை ஸ்டென்ட் என்ற கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்.

மருத்துவமனைக்குள் இருக்கும் பார்மசிக்கும் இதே தர்க்கம்தான். டெல்லியின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை ஒன்றில் ஒரு சிரிஞ்சின் விலை வெளியே உள்ளதைவிட அதிகம் என்று எழுந்த புகாரில், 2018 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) விசாரணையை விரிவாக்கியது. இதில் சந்தை எது என்ற கேள்விதான் முழு வழக்கும். நகரில் நூறு மருந்துக் கடை இருக்கிறது, எனவே மருத்துவமனைக்கு ஆதிக்கம் இல்லை என்பது ஒரு வாதம். படுக்கையில் சேர்ந்தபின் நோயாளிக்கு அந்த ஒரு கடைதான் என்பது மறு வாதம். இதைத் தீர்க்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: சேரும் முன்பு மருந்து, நுகர்பொருள் செலவு நோயாளிக்குத் தெரியுமா, தெரிந்தால் அதை வைத்து மருத்துவமனையை மாற்றுவாரா, சேர்ந்தபின் வெளியே வாங்க அனுமதி உண்டா. மூன்றுக்கும் இல்லை என்றால், அறையும் ஆபரேஷனும் போட்டியுள்ள சந்தையில் விற்கப்பட்டாலும் உள்ளே இருக்கும் கடை தனிச் சந்தை. விலையை 5 முதல் 10 சதவீதம் ஏற்றினால் வாங்குபவர் விலகிப்போவாரா என்று பார்க்கும் வழக்கமான சோதனை இங்கே ஏமாற்றும். விலை ஏற்கெனவே ஆதிக்கத்தால் உச்சிக்குப் போயிருந்தால், அதற்கு மேல் ஏற்றும்போது சிலர் விலகத்தான் செய்வார்கள். அதைப் பார்த்து ‘போட்டி இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

விலையை நிலைநிறுத்திவிட்டால் போட்டி எங்கே போகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். 1990-களில் மருத்துவமனைகள் விலையில் பேரம் பேசிப் போட்டியிட்டபோது மாரடைப்பு இறப்பு விகிதம் போட்டியுள்ள பகுதிகளில் மோசமானது. விலை கண்ணுக்குத் தெரியும், தரம் தெரியாது. தெரிவதில் போட்டியிட்டு, தெரியாததில் மிச்சம் பிடித்தார்கள். 2006-க்குப் பின் விலையை அரசு நிர்ணயித்து, எந்த மருத்துவமனை என்பதை நோயாளி தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனதும், போட்டியுள்ள பகுதிகளில் இறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை நிலையானது. அங்கே விலையில் போட்டியிட வழியில்லை. தரத்தில் போட்டி வர வேண்டுமானால் எந்த மருத்துவமனையில் எந்த ஆபரேஷனுக்குப் பின் எத்தனை பேர் திரும்பி அட்மிட் ஆனார்கள் என்ற விவரம் வெளியே தெரிய வேண்டும். அது தெரியாதவரை, நிலையான தொகைக்குள் செலவைக் குறைப்பவரே அதிக லாபம் காண்பார்.

ஸ்டாக்கிஸ்ட் பக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டத்தில் புதிய ஸ்டாக்கிஸ்ட்டை நியமிக்க மருந்து வணிகர் சங்கத்திடம் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும் என்ற நடைமுறையை சிசிஐ பல வழக்குகளில் சட்டவிரோதம் என்று சொல்லியிருக்கிறது. 2013 பிப்ரவரியில் அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்துக்கு 47 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. என்ஓசி இருந்தால் ஸ்டாக்கிஸ்ட் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும், யாரும் தள்ளுபடி தர வேண்டியதில்லை, ஒத்துழைக்காத கம்பெனியின் சரக்கை எல்லோருமாகப் புறக்கணிக்க முடியும். சங்கத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அபராதம் தாங்கக்கூடியதே. கம்பெனிகளும் எதிர்த்துப் பேசத் தயங்கும், ஏனென்றால் புறக்கணிப்பு ஒரு வாரம் நீடித்தாலே டாக்டர் வேறு பிராண்ட் எழுதப் பழகிவிடுவார்.

ஒரே வாங்குபவர்

தேர்ந்தெடுப்பவரும் காசு தருபவரும் ஒரே ஆளாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே முப்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டு, 1995 ஜனவரியில் மருந்து விநியோகத்தை ஆரம்பித்தது. பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

அதன் வேலைமுறையில் ஒவ்வொரு துண்டும் ஒரு பொருளாதாரச் சிக்கலுக்கு விடை. டெண்டர் உப்பின் பெயரில்தான் விடப்படும், பிராண்ட் பெயருக்கு இடமில்லை. அந்த ஒரு வரியிலேயே ரெப்புக்கும் விளம்பரத்துக்கும் போகும் செலவு விலையிலிருந்து கழன்றுவிடுகிறது. உறை இரண்டு: முதல் உறையில் உற்பத்தித் தரச் சான்று, உரிமம், விற்றுமுதல் விவரம், அதில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். விலை உறையை முதலில் பிரித்தால், மிகக் குறைந்த விலையைப் பார்த்தபின் தகுதியில்லாதவரை விலக்க யாருக்கும் மனம் வராது. கோர்ட்டுக்கும் போவார்கள்.

சப்ளை மாவட்டக் கிடங்குக்கு வரும். ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு, பட்டியலில் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகும். இது இல்லாமல், மிகக் குறைந்த விலை போட்டவருக்கே (எல்1) ஆர்டர் என்று டெண்டர் நடத்தினால் சந்தை அழுகிவிடும். தரத்தை வாங்குபவர் பார்க்க முடியாதபோது, தரத்தைக் குறைத்தவரே மிகக் குறைந்த விலை போட முடியும். நல்ல கம்பெனிகள் தோற்று விலகும். அடுத்த ஆண்டு மோசமானவர்களுக்குள் மட்டுமே போட்டி. பேட்ச் சோதனைதான் இந்தச் சரிவைத் தடுக்கும் ஆணி. பட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடிப்பது சரக்கு வெளிக்கடைக்கு நழுவாமல் இருக்க.

மருத்துவமனைக்குப் பாஸ்புக் தருவதை நான் இதில் மிக நுட்பமான துண்டாகக் கருதுகிறேன். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கீடு பதிவாகும். எடுக்க எடுக்கக் கழியும். இலவசமாக வருவதால் கேட்கும் அளவுக்கு எல்லை இல்லாமல் போகும் பிரச்சினையும் தீர்கிறது, சென்னையில் உட்கார்ந்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் என்ன தேவை என்று ஊகிக்க வேண்டிய பிரச்சினையும் தீர்கிறது. அந்த ஊரின் தேவை அந்த டாக்டருக்குத் தெரியும். அவருக்கு வரம்பும் உண்டு, தேர்வும் உண்டு.

இந்த முறை எங்கே கெடும்? முதலில், பணம் தாமதமாகும் இடத்தில். சப்ளையருக்கு ஆறு மாதம் கழித்துப் பணம் வந்தால், 18% வட்டிக்குக் கடன் வாங்கும் சின்னக் கம்பெனிக்கு அது விலையில் 9%. தாமதம் வரும் என்று தெரிந்தால் அதை முன்கூட்டியே விலையில் ஏற்றுவார், அல்லது வரவே மாட்டார். வராதபோது டெண்டரில் நிற்பவர் எண்ணிக்கை எட்டிலிருந்து மூன்றாகும். வேறு மாநிலங்களில் இதே டெண்டர் ஆவணத்தை வார்த்தை மாறாமல் எடுத்துப் போட்டும் விலை இறங்காமல் போவதற்கு நேரத்துக்குப் பணம் தராததே பெரிய காரணம்.

அடுத்தது ஆர்டரைப் பிரிப்பது. முழு ஆர்டரும் எல்1-க்கே என்றால் விலை கூர்மையாக இறங்கும், ஆனால் அவருடைய ஒரு பேட்ச் தேறாவிட்டால் மாநிலம் முழுக்கத் தட்டுப்பாடு. எனவே எல்1 விலைக்கு ஒப்புக்கொள்ளும் மற்றவர்களுக்கும் ஒரு பங்கு தருவார்கள். அந்தப் பங்கை எல்1 பங்குக்குச் சமமாக்கினால் தவறு. கூடுதல் விலை போட்டுவிட்டு, தோற்றாலும் பிறகு ஒப்புக்கொண்டு அதே அளவு வாங்கிக்கொள்ளலாம் என்றால் குறைவாகப் போட யாருக்கும் காரணமில்லை. எல்1-க்கு 60, இரண்டாமவருக்கு 25, மூன்றாமவருக்கு 15 என்ற மாதிரி இறங்குமுகமாக வைத்தால்தான் ஜெயிப்பதற்கு விலை இருக்கும்.

மூன்றாவது, கூட்டுச் சதி. அதே ஆட்கள் ஆண்டுதோறும் அதே டெண்டரில் சந்திக்கிறார்கள், முடிவு வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. ஒப்பந்தத்தை மீறியவர் யார் என்று உடனே தெரியும், அடுத்த ஆண்டு தண்டிக்கலாம். கூட்டு நிலைத்து நிற்க இதைவிட வசதியான சூழல் வேண்டாம். சுகாதாரத் துறையில் இதற்கு நல்ல உதாரணம் மருந்தில் இல்லை, காப்பீட்டில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவின் கேரள டெண்டரில் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா உட்பட நான்கு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் பேசி வைத்துக்கொண்டு விலை போட்டதாக 2015 ஜூலையில் சிசிஐ தீர்ப்பளித்து, மொத்தம் 671.05 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒருவர் ஜெயிப்பது, வந்த வணிகத்தை நால்வரும் இணைக்காப்பீடாகப் பிரித்துக்கொள்வது என்பதே ஏற்பாடு. நான்குமே அரசுக்குச் சொந்தமானவை என்பது விலக்கு அல்ல என்று சிசிஐ சொன்னது சரியான முடிவு. நஷ்டம் அடைந்தது ஏழைக் குடும்பங்களின் பிரீமியத்தைக் கட்டிய கஜானா.

மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் குற்றம் உறுதியானது, அபராதம் மட்டும் ஏறக்குறைய 2 கோடிக்கு இறங்கியது. முழு விற்றுமுதலை எடுக்காமல், அந்தத் திட்டத்தில் வந்த விற்றுமுதலை மட்டும் அடிப்படையாக எடுத்தார்கள். பயமுறுத்தும் அபராதத்தின் அளவைக் கணக்கிடுவது எளிது: கூட்டால் கிடைத்த லாபத்தை, பிடிபடும் வாய்ப்பால் வகுக்க வேண்டும். ஒரு கோடி லாபம், ஐந்தில் ஒரு முறைதான் பிடிபடுவார்கள் என்றால் அபராதம் ஐந்து கோடிக்குக் குறையக் கூடாது. அதைவிடக் குறைந்தால் அது ஒரு வியாபாரச் செலவு. 2023 சட்டத் திருத்தம் உலகளாவிய விற்றுமுதலை அடிப்படையாக்கி எதிர்த்திசையில் போயிருக்கிறது. அது பெரிய கம்பெனிக்கு, சிறு பிழைக்கும் அளவுக்கு மீறிய தொகையாகலாம் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஒரே சந்தையின் விற்றுமுதலில் 10% என்று நிறுத்துவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

கொள்முதல் அலுவலகத்தில் இருப்பவர் சிசிஐக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடந்த ஐந்து ஆண்டு டெண்டர்களை ஒரு எக்செல் தாளில் உப்பு வாரியாகப் போட்டால் நிறையத் தெரியும். ஒவ்வொரு டெண்டரிலும் போடப்பட்ட விலைகளின் திட்டவிலக்கத்தை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, சராசரியால் வகுத்துப் பாருங்கள். மூலப்பொருள் விலை ஏறி இறங்கும் காலத்திலும் இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு அசையாமல் மிகச் சிறியதாக இருந்தால் சந்தேகப்படலாம். எல்1-க்கும் இரண்டாமவருக்கும் பெரிய இடைவெளி, தோற்றவர்களுக்குள் மட்டும் விலை ஒட்டி இருப்பது இன்னொரு அறிகுறி. தோற்கவென்றே போட்ட விலைகள் இப்படித்தான் இருக்கும். எல்1 இடம் மூன்று பேருக்குள் முறைவைத்துச் சுற்றுகிறதா, தோற்றவர் பிறகு ஜெயித்தவருக்கே சரக்கு செய்து தருகிறாரா, ஆன்லைன் டெண்டர் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஏற்றப்பட்டிருக்கிறதா, வைப்புத்தொகைக்கான டிடி ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் அது சதிக்கு ஆதாரம் ஆகாது. செலவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் விலையும் ஒட்டியே வரும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கோப்பைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த டெண்டரில் அளவைக் கூட்டி, அடுத்தடுத்து விடாமல் காலத்தை மாற்றி, தகுதி விற்றுமுதலைக் கொஞ்சம் தளர்த்திப் புதியவர் ஒருவரை உள்ளே வரவிடுங்கள். விலை சட்டென்று 30% இறங்கினால், பழைய விலையைப் பற்றிப் போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகவல் தர உங்களிடம் போதுமான காரணம் இருக்கிறது. கூட்டில் இருந்தவர்களில் முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு 46-ஆம் பிரிவின்படி அபராதம் முழுவதும்கூடத் தள்ளுபடி ஆகலாம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே ஒரு வரியாக அச்சடித்துவிடுங்கள்.